அந்தப் பதினான்கு விநாடி

பெங்களூரு,
9.2.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

மௌனி எழுதுகிறேன். நமக்குக் கல்யாணமாகி ஏழு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசினால் அந்தப் பக்கம் அத்தையும் கறவை மெஷினும். இந்தப் பக்கம் மருத்துவ அறை நர்ஸ் என் எதிரிலேயே நிற்கிறாள். ஒன்றையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் தாளும் பேனாவும்.

நான் நன்றாக இருக்கிறேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணின் வெள்ளையில் மட்டும் சிவப்பு இன்னும் வடியவில்லை. கம்பெனி மருத்துவர் இன்னும் ஒரு மாதம் இங்கேயே இருக்கச் சொல்கிறார்.

ஜனவரி முப்பதாம் தேதி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அத்தைக்குப் படித்துக் காட்டும்போது பாதியை விட்டுவிடுங்கள்.

விண்வெளிக்குப் போகிறவர்களின் உடையைப் போட்டுக்கொண்டு, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த இரும்பு அறைக்குள் நடந்து பார்ப்பதுதான் என் வேலை என்று ஊரில் கேட்கிறவர்களுக்கு என்னைவிட நன்றாக நீங்கள் சொல்வீர்கள். அன்றைக்கும் அப்படித்தான். அறையில் காற்று ஏறக்குறைய மிச்சமே இல்லை. என் உடம்புக்கு அந்த அறையும் விண்வெளியும் ஒன்றுதான். நான் ஒரு கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் புஸ்ஸென்று ஒரு சத்தம். காற்றுக்குழாய் கழன்றுவிட்டது. விறைப்பாக நின்ற உடை என்மேல் தொய்ந்து விழுந்தது.

பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மூச்சைப் பிடிக்காதே. பிடித்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். நான் வாயைத் திறந்தேன். மூச்சு நான் விட்டதுபோல இல்லை, யாரோ என்னிடமிருந்து வாங்கிக்கொண்டதுபோலப் போனது. பிறகு நாக்கின்மேல் எச்சில் கொதித்தது மாமா. சுடவில்லை. சோடாவை நாக்கில் வைத்ததுபோலப் பொடிப்பொடியாகக் குமிழ், கொஞ்சம் சில்லென்றுகூட இருந்தது. கண்ணிலும் அப்படியே. வலி இல்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவுதான் ஞாபகம். குழாய் கழன்றதிலிருந்து நான் சரியும்வரை பதினான்கு விநாடி என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்கள்.

விழித்தபோது ஹெல்மெட் கழற்றியிருந்தது. மத்தியாஸ் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "ஒம் பேரச் சொல்லு, பேரச் சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தார். மத்தியாஸ் யாரென்று சொல்லவில்லை அல்லவா? பாதிக் காற்றை மட்டும் எடுத்த பக்கத்துச் சிறு அறையில் ஆக்சிஜன் முகமூடியோடு உட்கார்ந்திருப்பவர். உள்ளே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் முதலில் ஓடிவர வேண்டியவர். மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊர்க்காரர், தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். மத்தியாஸ் மட்டும் அவ்வளவு வேகமாக வராமலிருந்தால் இந்தக் கடிதம் இல்லை என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

மூன்று நாள் வாயில் ஒரு ருசியும் தெரியவில்லை. நான்காம் நாள் எலுமிச்சை ஊறுகாய் புளித்தது, சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பதில் எழுதுங்கள். நீளமாக.

உங்கள்
மௌனிகா


மீனாட்சிபுரம்,
15.2.2025

அன்பு அம்மிணிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. "ஏனுங்க பூபதி, ஊட்டுக்காரி லெட்டரெல்லாம் போடுது, கோர்ட்டு விவகாரமுங்களா?" என்று போஸ்ட்மேன் கேட்டுச் சிரித்தார். அம்மாவுக்கு முதல் பத்தியை மட்டும் படித்துக் காட்டினேன். "அவ ஒழுங்கா திங்கறாளாமா? அதைய மொதல்ல கேளு" என்றாள். கேட்டுவிட்டேன்.

இங்கே எல்லாரும் சுகம். செவலை கன்று போட்டிருக்கிறது, கிடேரி. பால் சொசைட்டியில் புதிதாக வந்திருக்கும் செக்ரட்டரி மலையாளத்தில் திட்டுகிறார், நாங்கள் தமிழில் சிரிக்கிறோம்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். அந்த ஒரு பத்தியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சிலவற்றை நீ சரியாகச் சொல்லவில்லை. குமிழ் முதலில் நாக்கின் நுனியிலா, அடியிலா? எச்சில் முதலிலா, கண்ணீர் முதலிலா? சத்தம் கேட்கவில்லை என்கிறாய், மெதுவாகக் குறைந்து நின்றதா, வெட்டியதுபோல நின்றதா? வயிறு உப்பியதா? பார்வை ஓரத்திலிருந்து இருண்டதா, மொத்தமாகவா? ஞாபகம் இருக்கும்போதே எழுதி வை. இந்தத் தாலுகாவில் வேறு எவருக்கும் கிடைக்காத அனுபவம். அதை 'அவ்வளவுதான் ஞாபகம்' என்று முடித்துவிட்டாய்.

எனக்குக் கிடைத்திருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதியிருப்பேன். உனக்குத் தெரியும், இருபது வயதில் விமானப்படைத் தேர்வில் ஓடி, நீந்தி, எழுதி எல்லாவற்றிலும் தேறி, கடைசியில் இடது காதுச் சவ்வில் ஓட்டை என்று திருப்பி அனுப்பப்பட்டவன் நான். உன் கம்பெனி விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்ததும் நான்தான். இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே பேனாவால் நிரப்பினேன். உன்னுடையது போயிற்று, என்னுடையது காதோடு நின்றது. குறையாகச் சொல்லவில்லை.

இன்னொன்று. உன் கடிதம் முழுக்க என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அந்த ஆளின் பெயர் மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது. அண்ணன் இல்லை, சார் இல்லை, வெறும் மத்தியாஸ். தாடையைப் பிடித்தார் என்கிறாய். ஹெல்மெட்டை அவர்தான் கழற்றினாரா? அந்த உடைக்குள் நீங்கள் என்ன போட்டிருப்பீர்கள் என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது. இரண்டு வருஷமாகப் பக்கத்து அறையில் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி, தாடையைப் பிடித்த பிறகுதான் எனக்குச் சொல்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பூபதிராஜா


பெங்களூரு,
21.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பெயரை நான் எந்தக் காலத்தில் எழுதியிருக்கிறேன்? ரேஷன் கார்டு ஆபீசில்கூட அத்தையை விட்டுத்தானே சொல்லச் சொன்னேன்? அதற்கு ஒரு கோபமா?

உடைக்குள் போட்டிருப்பது கழுத்திலிருந்து பாதம்வரை மூடிய உடுப்பு. தண்ணீர் ஓடும் சின்னச் சின்னக் குழாய்கள் வைத்துத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு யாரும் அழகாக இருக்க முடியாது. ஹெல்மெட்டை அவர்தான் கழற்றினார். வேறு யார் கழற்றுவது, நீங்களா?

எழுதிய பிறகு இந்த வரி கடுமையாகத் தெரிகிறது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.

கேள்விகளுக்கு: நுனியில். எச்சில் முதலில். சத்தம் குறைந்து நின்றது. வயிறு உப்பியது. மீதி தெரியாது.

மருத்துவர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். மனித உடம்பு நாம் நினைப்பதைவிடப் பிடிவாதமானதாம். காற்றில்லாத இடத்தில் தோல் வீங்குமே தவிர வெடிக்காது. ரத்தம் குழாய்க்குள் இறுக்கமாக இருப்பதால் கொதிக்காது. உடனே உறைந்துபோவதும் இல்லை, வெற்றிடத்தில் சூட்டை எடுத்துப்போகக் காற்று வேண்டுமே. மூளைக்குப் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்வதுதான் கணக்கு. அது தீர்ந்ததும் விளக்கை அணைத்ததுபோல அணைந்துவிடுகிறோம். ஒன்றரை நிமிஷத்துக்குள் காற்று திரும்பினால் பெரும்பாலும் எழுந்துவிடுவோம். வெளியே இருந்தவர்கள் அறைக்குள் காற்றைத் திறந்துவிட்டதில் எனக்கு இருபத்தேழாவது விநாடியில் திரும்பியது.

மத்தியாஸ் இப்போது இங்கே இல்லை. அன்று அவருக்குச் சளி, காது அடைத்திருந்தது. எங்கள் இரண்டு பேரையும் அவசரமாகத் தரை அழுத்தத்துக்கு இறக்கினார்கள். காது வலித்தால் கையைத் தூக்க வேண்டும், தூக்கினால் வேகத்தைக் குறைப்பார்கள். அவர் தூக்கவில்லை. இடது காது கிழிந்துவிட்டது. லீவில் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார். இனி அந்த அறைப் பக்கம் அவரை விடமாட்டார்கள்.

மறுபடி உள்ளே போகச் சம்மதமா என்று மார்ச் பத்துக்குள் நான் சொல்ல வேண்டும். கட்டாயமில்லை, மேசை வேலையும் தருவார்களாம். படுத்துக் கண்ணை மூடினால் உடை என்மேல் தொய்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை மாமா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கன்றுக்குட்டிக்குப் பேர் வைத்தாயிற்றா?

உங்கள்
மௌனிகா


மீனாட்சிபுரம்,
2.3.2025

அன்பு அம்மிணிக்கு,

நேற்று பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்தேன். இதை உன்னிடம் மறைத்தால் அது வேறு விதமாகிவிடும், அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு திட்டு.

கையைத் தூக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியால் நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஒருத்திக்காகத் தன் காதைக் கிழித்துக்கொள்கிற ஆள் எப்படிப்பட்டவன், அவனுக்கு அவள் யார் என்று பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. கறவையைப் பக்கத்துத் தோட்டத்துக் கமலாத்தாள் அக்காவிடம் ஒப்படைத்தேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி மூணாறு போய், அங்கிருந்து ஜீப். வழியெல்லாம் அந்த ஆளிடம் கேட்க வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

பள்ளிவாசலில் டீக்கடையில் கேட்டதும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைக் காட்டிவிட்டார்கள். ஆறு வீடு ஒரே வரிசையில், மூன்றாவது வீடு. ஒரு பெண் கொளுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். மத்தியாஸின் மனைவி, பெயர் அன்னமேரி.

"அவுக மருந்து வாங்க மூணாறு போயிருக்காக. நீங்க ஆரு?"

சொன்னேன். கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

"மௌனிகா வீட்டுக்காரரா? நானே வரணும்னு இருந்தேன். ஒங்களப் பாக்க இல்ல, ஒங்க சம்சாரத்தப் பாக்க. எம்புட்டு அழகா இருப்பாகன்னு."

"அழகெல்லாம் சாதாரணந்தானுங்க" என்றேன். கோபித்துக்கொள்ளாதே, வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவள் சிரிக்கவில்லை. பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். "போன வருசம் எனக்குக் காய்ச்சல். லீவு போட்டு வாங்கன்னு கூப்பிட்டேன். மூணு நாளு கழிச்சு வந்தாக. அந்தப் பொண்ணுக்குன்னா மூணு விநாடில ஓடியிருக்காக. ஏன் கையத் தூக்கலன்னு கேட்டா, தோணலைங்காக. காது போறது தோணாம இருக்குமா அண்ணே?"

எனக்கும் அதே கேள்விதான். இரண்டு பேரும் சேர்ந்து உன்னையும் அவரையும் பற்றிக் கறுவிக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் தப்பில்லை. அவளிடம் எனக்கு ஒரு ஒட்டுதல்கூட வந்துவிட்டது.

அவர் வந்தார். ஆறடி ஆளை எதிர்பார்த்திருந்தேன். என் தோளுக்குத்தான் இருந்தார், தலையில் பாதி வழுக்கை. அதனால் பொறாமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. நான் யாரென்று சொன்னபோது அவர் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார், நல்ல காது என் பக்கம் வரும்படி. இருபது வயதிலிருந்து நான் எல்லாரிடமும் செய்கிற அதே திருப்பல். மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது.

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன்.

"நான் போகும்போது கன்னமெல்லாம் உப்பி, ஒதடு நீலமா இருந்துச்சு. பாத்ததும் முடிஞ்சிருச்சுன்னுதான் நெனச்சேன். காத்து ஏற ஏற வீக்கம் வத்துது. மூச்சு இழுத்துச்சு பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் இந்தக் காதுல இருக்கு. இதுலதான் வேற ஒண்ணும் கேக்காதே" என்று கிழிந்த காதைத் தொட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகு நான் கேட்டதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. கதவு எந்தப் பக்கம் திறக்கும்? உள்ளே காலடி வைத்ததும் உடம்புக்கு எப்படித் தெரிந்தது? சிறு அறையின் அழுத்தம் எத்தனை ஆயிரம் அடி உயரத்துக்குச் சமம்? உங்களுக்கு நகம் நீலமானதா? ஒரு மணி நேரம் கேட்டேன். அவர் சலிக்காமல் சொன்னார். கடைசியில் அன்னமேரிதான் சொன்னாள்: "சண்டைக்கு வந்தவருன்னுல்ல நெனச்சேன். வேலைக்கு மனுப் போட வந்தவரு மாதிரில்ல கேக்கீங்க!"

திரும்பும் வழியில் சின்னாறு காட்டுக்குள் பஸ் இறங்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. எனக்கு அந்த ஆள்மேல் இருந்தது புருஷனுக்கு வருகிற பொறாமை இல்லை. அவர் அந்தக் கதவுக்குள் போனவர், அதுதான். அவருக்கு முன்னால் நீ போனாய். உன்மேல்தான் அம்மிணி. இரண்டு வருஷமாக உன்மேல்தான். நீ மாதம் ஒருமுறை வந்து கதை சொல்லும்போதெல்லாம் நான் மாட்டைப் பார்க்க எழுந்து போவேனே, எந்த மாடும் கூப்பிட்டதில்லை.

மறுபடி போவதா என்று கேட்டிருந்தாய். அதைக்கூட நீ கேட்கலாமா? எனக்குக் கதவைத் திறந்துவிட்டால் நடந்து இல்லை, ஓடிப் போவேன். போ என்றுதான் சொல்வேன். மேசை வேலைக்கு யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள்.

கிளம்பும்போது அன்னமேரி பின்னாலேயே ஜீப்வரை வந்து, "அந்தப் பொண்ணு இப்ப நல்லா இருக்கா? தூங்குதா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

கன்றுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை.

உன்
பூபதிராஜா


பெங்களூரு,
9.3.2025, ஞாயிறு

மாமாவுக்கு,

'அழகெல்லாம் சாதாரணம்' என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் சிரிக்க ஒன்றுமில்லை.

நீங்கள் உண்மையை எழுதியிருக்கிறீர்கள். நானும் எழுதுகிறேன். மத்தியாஸ்மேல் உங்களுக்குப் பொறாமை என்று முதல் பதிலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகும் என்னை யாராவது கொண்டுபோய்விடுவார்களோ என்று ஒருவர் நினைக்கிறாரே என்று. இப்போது அதுவும் இல்லை என்கிறீர்கள்.

ஜனவரி முப்பத்தொன்று காலை இந்த மருத்துவ அறையிலிருந்து உங்களுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள். எனக்குக் குரல் சரியாக வரவில்லை. "மாமா" என்றேன். நீங்கள் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? "எத்தனை விநாடி?" நான் பதினான்கு என்றேன். "அடேயப்பா" என்றீர்கள். அந்த 'அடேயப்பா'வில் இருந்தது என்னவென்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. உங்கள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாக்கைப் பற்றி இருக்கிறது, வயிற்றைப் பற்றி இருக்கிறது. நான் செத்திருப்பேன் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னைக் கண்ணால் பார்க்காத, என்னைப் பிடிக்காத அன்னமேரிதான் நான் தூங்குகிறேனா என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் நன்றாக இருக்கிறாள் என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் தூங்கி ஐந்து வாரமாகிறது.

ஒன்றரை நிமிஷம் என்று எழுதியிருந்தேன். அதில் இருபத்தேழு விநாடி போக மீதி ஒரு நிமிஷமும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சநேரம்தான் உங்களுக்கு மனைவி இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில் இருந்தது. அதை நீங்கள் ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

பொறாமை உங்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். எனக்கும் இருக்கிறது. அந்தப் பதினான்கு விநாடியின்மேல். நீங்கள் என்னிடம்கூட அவ்வளவு ஆசையாக எதையும் கேட்டதில்லை.

சம்மதம் என்று வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் போ என்றதற்காக இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று, போகவே கூடாது என்றுதான் தோன்றியது, உங்களைப் பழிவாங்க. பிறகு அதுவும் உங்களுக்காகச் செய்வதுதானே என்று விட்டுவிட்டேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அந்த உடை விறைத்து நிற்கும்போது உள்ளே நான் நிமிர்ந்து நிற்கிறேன். எங்கும் அப்படி நின்றதில்லை. குழாயின் பூட்டை மாற்றிவிட்டார்கள், நானே இழுத்துப் பார்த்தேன்.

மார்ச் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு உள்ளே போகிறேன்.

பொறாமைப்பட வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அது சொல்லிப் போகிற விஷயமில்லை. ஆனால் ஒருமுறையாவது எனக்காகப் பயப்படுங்கள். பயந்தேன் என்று பொய்யாக எழுத வேண்டாம். வராவிட்டால் வரவில்லை என்றே எழுதுங்கள். அதை வைத்து நான் முடிவு செய்துகொள்கிறேன்.

மௌனிகா


மீனாட்சிபுரம்,
18.3.2025, செவ்வாய்

அம்மிணி,

இன்றைக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் சரியாகத்தான் இருந்தேன். பால் ஊற்றிவிட்டு வந்தேன். பத்தேகாலுக்கு எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். உன்னோடு கூடவே உள்ளே போகலாம் என்றுதான், உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? கதவு, சிறு அறை, அழுத்தம் இறங்குவது, எல்லாம் மத்தியாஸ் சொன்னதை வைத்து வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்.

பத்தரை ஆனது. அறை வரவில்லை. உடையும் வரவில்லை. தலைவலி வந்தால் கட்டைவிரலால் இரண்டு புருவத்தையும் அழுத்திக்கொண்டு நிற்பாயே, அது வந்தது. அதற்கப்புறம் உதடு நீலமாக இருந்தது என்று மத்தியாஸ் சொன்னது. அங்கே உட்கார்ந்து கேட்டபோது அது எனக்கு ஒரு செய்தி. இன்றைக்குத்தான் அது உன் உதடு.

எழுந்து வெளியே போனேன். மாட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா ஓடிவந்து, "ஏஞ்சாமி, மூஞ்சி இப்படி வேர்த்துக் கெடக்குது? அவளுக்கு ஏதாச்சுமா?" என்று கேட்டாள். ஜனவரியில் நடந்தது முழுவதையும் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு. கமலாத்தாள் அக்கா பால் கேன் கேட்டு வந்தவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே போகிறவருக்கு வேலை இருக்கும். வெளியே இருக்கிறவர்களுக்கு எதுவும் இல்லை என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டு நாற்பதுக்கு நீ கூப்பிட்டாய். "முடிஞ்சுது, நல்லபடியா வந்துட்டேன்" என்றாய். அப்புறம் "மாமா? ஹலோ? கேக்குதுங்களா?" என்று மூன்று நான்கு தடவை கேட்டாய். அம்மா போனைப் பிடுங்கி, "சிக்னல் இல்லையாட்ட இருக்குது கண்ணு, சாயங்காலமாப் பேசறோம்" என்று வைத்துவிட்டாள்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பேச வாய் வரவில்லை.

பூபதிராஜா